நெய்வேலியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

குருமடத்தில் என்னோடு பயின்ற குரு ஒருவர் இப்போது அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், மக்காச்சோள வயல்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் பணியாற்றுகிறார். சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தவர் தம் ஊரின் பெருமையை இரண்டு மணி நேரம் விடாது பேசினார். அவ்வூருக்கு வயது நூற்றைம்பதுகூட நிறையவில்லையாம். ஆயினும் தொடர்வண்டி நின்றுபோன பழைய நிலையம் அங்கே அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஒரே அறையில் நடந்த பள்ளிக்கூடத்தைப் பலகை மாறாமல் காக்கிறார்கள். முதற் குடியேறிகளின் கலப்பையும் தையற்பொறியும் தொட்டிலும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. "அவர்களுக்கு வரலாறு குறைவு, அதனால் ஒரு பிடியும் சிந்தாமல் சேர்த்து வைக்கிறார்கள்" என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் நெய்வேலியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

இது புதிய கேள்வியன்று. கோடை விடுமுறைக்கு உறவினர் வரும் ஒவ்வொரு வீட்டிலும் இவ்வினா எழுகிறது. நம்மவரும் தயங்காமல் விடை சொல்வர்: "காலையில் சிதம்பரம், மாலையில் பிச்சாவரம்." அதாவது, நெய்வேலியில் பார்ப்பதற்குரியவை நெய்வேலிக்கு வெளியேதான் உள்ளன என்பது நம் பொதுக் கருத்து. நானும் அன்று அவ்வாறே சொல்லி அவரைத் தில்லைக்கு அழைத்துச் சென்றேன். திரும்பி வரும் வழியில் என் மனத்தில் ஒரு நெருடல் எழுந்தது. அதன் பயனே இக்கட்டுரை.

நெய்வேலியின் வரலாறு ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீரோடு கரிய பழுப்பு நிறப் பொருளும் மேலே வந்தது. அது எரியும் என்று கண்டு அரசுக்குத் தெரிவித்தார். பின்னர்ப் புவியியலார் துளையிட்டுப் பார்த்தனர், அறிக்கைகள் எழுதப்பட்டன. காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை அகற்றிக் கரியின் முகத்தைக் காண நான்காண்டுகள் ஆயின. 1961 ஆகஸ்டில்தான் அது வெளிப்பட்டது. மறு ஆண்டில் மின்சாரம் பிறந்தது. மண்ணை வெட்டிய சக்கரப் பொறிகள் செருமனியிலிருந்து வந்தன. அனல்மின் நிலையம் சோவியத்து நாட்டின் உதவியால் எழுந்தது. உலகம் இரண்டாகப் பிளந்து நின்ற அந்நாளில், அவ்விரு பாதிகளும் தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் ஒரே பணியில் கை கோத்தன என்பதை எண்ணினால் வியப்பாகவே இருக்கிறது.

சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்ப்பவர் முதலில் காண்பது பள்ளம். சற்று நேரம் நின்றால் அது ஒரு நூலாகத் தோன்றும். மேலே சிவந்த மண்ணும் மணற்பாறையும். அதன் கீழே களிமண். அதற்கும் கீழே, நூறு, இருநூறு அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில், கருமையாகப் படிந்து கிடக்கும் கரி. அக்கரி முழுவதும் ஒரு காலத்தில் காடு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்பில் சாய்ந்த மரங்கள் அவை. கரிக்கும் கீழே ஓயாது மேல்நோக்கி உந்தும் ஊற்றுநீர் உள்ளது. அதனை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இராவிட்டால் சுரங்கத்தின் அடித்தளம் பெயர்ந்துவிடும். கிணறு தோண்டிக் கரியைக் கண்ட ஊரில், கரியைத் தோண்டக் கிணற்று நீரோடு போராட நேர்ந்தது.

இங்கே கரியின் மேல் கிடக்கும் மணற்பாறைக்குப் புவியியலார் இட்ட பெயர் கடலூர் மணற்பாறை. இதே பாறையின் மடியில்தான், திண்டிவனத்துப் பக்கம் உள்ள திருவக்கரையில், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமையுள்ள மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பிரெஞ்சு இயற்கையியலார் சொன்னரா அவற்றைப் பற்றி எழுதினார். இன்று அது தேசியக் கல்மரப் பூங்கா. பட்டையின் வரியும் தண்டின் வளையமும் அப்படியே தெரியும்; கை வைத்தால் மட்டும் கல். அங்கு மரம் கல்லாயிற்று, இங்கு மரம் கரியாயிற்று. பிள்ளைகளை இரண்டிடத்திற்கும் அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஒருவரையேனும் நான் காண விரும்புகிறேன்.

கரியைப் பற்றிப் பேசும்போது பரங்கிப்பேட்டையை மறக்கலாகாது. கிழக்கிந்தியக் கும்பினியின் பணியை விட்ட சோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830-இல் அங்கு இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலத்துத் தாதுவை உருக்க அவர் நம்பியது மரக்கரியை. காடுகள் வெட்டப்பட்டன, எரிக்கப்பட்டன, விறகுக்கான தொலைவு ஆண்டுதோறும் நீண்டது. உருக்கியதோ நல்ல இரும்பு; அது இங்கிலாந்து வரை சென்றது. ஆயினும் ஆலை நிலைக்கவில்லை. ஹீத் பின்னர் ஷெஃபீல்டு சென்று எஃகுத் தொழிலில் பெயர் பெற்றார். ஆலைக்கு விறகு தேடி அலைந்த அத்தனை ஆண்டுகளும், ஒரு நாள் வண்டிப் பயணத் தொலைவில், முதலியாரின் கிணறு தோண்டப்படவிருந்த நிலத்தின் அடியில் எரிபொருள் கிடந்தது. மரக்கரியின் வேலையைப் பழுப்பு நிலக்கரி அப்படியே செய்திருக்குமா என்பது தொழில்நுட்பம் அறிந்தோர் விடை சொல்ல வேண்டிய வினா. அந்தக் காடுகளுக்காக நான் வருந்துகிறேன், அவ்வளவே. பரங்கிப்பேட்டை என்றதும் 1781 சூலை 1 அன்று ஐதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதிய போரையே பாடநூல்கள் சொல்லும். உலையைப் பற்றி ஒரு வரியும் சொல்வதில்லை.

கடலூருக்கு வருவோம். கெடிலம் கடலோடு கலக்குமிடத்தருகே, தேவனாம்பட்டினத்தில் இருந்தது புனித தாவீது கோட்டை. 1690-இல் ஆங்கிலேயர் அதனைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். விற்பனையின் எல்லை எவ்வாறு அளக்கப்பட்டது தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவது. குண்டு விழும் தொலைவு வரையுள்ள நிலமெல்லாம் வாங்கியவருக்குச் சொந்தம். நான்கு திசையிலும் சுட்டார்கள். குண்டின் தொலைவுக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்களாயின. இன்றும் கடலூர்ப் பேருந்துகளில் 'குண்டு உப்பலவாடி' என்ற பெயரைக் காணலாம். தம் வயலில் ஏர் பிடித்திருந்த உழவன் ஒருவன், வானில் பறந்து வந்த இரும்புருண்டையால் தன் அரசன் மாறிவிட்டான் என்பதை எப்போது அறிந்தானோ! சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் வீழ்ந்தபோது, 1746 முதல் 1752 வரை, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இக்கோட்டையே. கிளைவ் இங்கே ஆளுநராயிருந்தார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதனைப் பிடித்துத் தகர்த்தார். இன்று எஞ்சியிருப்பது கொஞ்சமே. கோட்டை போயிற்று, குண்டின் பெயர் நிற்கிறது.

அதே நகரின் திருப்பாதிரிப்புலியூருக்குக் கல்லைத் தெப்பமாகக் கொண்டு அப்பர் கரையேறிய வரலாற்றைச் சைவர் போற்றுவர். அதற்கும் முன்பே அவ்வூர் சமணரின் கல்விக்கூடமாக விளங்கியது. லோகவிபாகம் என்னும் உலகியல் நூல் அங்கே கி.பி. 458-இல் படியெடுக்கப்பட்டது என்பர் வரலாற்றாசிரியர். இதனை விரிக்கப் புகுந்தால் இதழில் இடம் போதாது.

நெய்வேலிக்கு மிக அருகில், ஏறத்தாழப் பத்துக் கல் தொலைவுக்குள், வடலூர் உள்ளது. 1866-இல் பஞ்சம் மக்களை வாட்டிற்று. அதன் மறு ஆண்டில், 1867 மே 23 அன்று, இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். இருபத்தொரு அடி நீளமுள்ள அவ்வடுப்பு அன்று முதல் அணையவில்லை. பசித்து வருபவரிடம் சாதி கேட்பதில்லை, சமயம் கேட்பதில்லை. என் அங்கியைக் கண்டும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, இலை போட்டார்கள். 1872-இல் எழுந்த சத்திய ஞானசபை எண்கோண வடிவினது. தைப்பூசத்தன்று ஏழு திரைகள் ஒவ்வொன்றாக விலக உள்ளிருக்கும் ஒளி தெரியும். வரலாற்றுச் சின்னங்களில் பெரும்பாலானவை முடிந்துபோன ஒன்றைக் காட்டுவன. தருமச்சாலை அடுப்போ இன்றும் சோறு வேகும் சின்னம். சோவியத்து உதவியோடு எழுந்த நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் ஏறத்தாழ அறுபதாண்டு எரிந்து 2020-இல் முற்றிலும் ஓய்ந்தது. நம் தாய்மார் சமையலறையில் புகைந்த லெக்கோ கரியும் அதைச் செய்த ஆலையும்கூட இன்றில்லை. விறகடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

மேற்கே சென்றால் விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலில் அம்மைக்குப் பெரியநாயகி என்று பெயர். பசித்திருந்த குரு நமசிவாயர் அம்மையைக் கிழவி என்று பாடிச் சோறு கேட்க, "கிழவியால் சோறு கொண்டுவர இயலுமா?" என்று அவள் வினவினாள் என்றும், பின் இளையவள் என்று பாடவே இளமை வடிவில் வந்து சோறிட்டாள் என்றும் ஒரு கதை உண்டு. அந்நகருக்கு அப்பால் முகாசாபரூரை அடுத்துள்ள கோணான்குப்பத்தில், அன்னை மரியாவுக்கு ஓர் ஆலயம் இருக்கிறது. அங்கும் அன்னையின் பெயர் பெரியநாயகி. ஆலயத்தை எழுப்பியவர் வீரமாமுனிவர். அண்டை ஊர்க் கோயிலில் மக்கள் நாவில் பழகிய பெயரையே அவர் தம் அன்னைக்குச் சூட்டினார் என்று கொள்ள இடமுண்டு. மாடு மேய்த்த சிறுவர்கள் காட்டில் அன்னையின் உருவத்தைக் கண்டெடுத்ததும், முகாசாபரூர்க் கச்சிராயர் ஆலயப் பணிக்குத் துணை நின்றதும் செவிவழியாக வரும் செய்திகள். சுரூபம் மணிலாவில் செய்விக்கப்பட்டது என்பர். புடவை உடுத்திக் குழந்தையை ஏந்தி நிற்கும் அக்கோலத்தைக் காணும் கிராமத்துப் பெண்கள் அன்னையைத் தம் வீட்டார் ஒருவராகவே எண்ணிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். திருவிழாக் காலத்தில் நம் மறையல்லாதாரும் பெருந்திரளாக வருகின்றனர், பொங்கலிடுகின்றனர், பிள்ளைக்கு முடி இறக்குகின்றனர்.

இறையியல் பயின்ற நாட்களில் 'பண்பாட்டுமயமாதல்' என்ற சொல்லை நாங்கள் நூல்களில் கற்றோம். அச்சொல் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் அச்செயல் நம் மாவட்டத்தில் நடந்துவிட்டது. இந்தக் கட்டுரையில் 'ஏ' என்றும் 'ஓ' என்றும் எழுதும்போதெல்லாம் அவர் பெயரால் வழங்கும் எழுத்துச் சீர்திருத்தத்தைத்தான் நாம் கையாளுகிறோம். தேம்பாவணியையும் சதுரகராதியையும் அறிந்த அளவுக்கு அவர் பிறந்த ஊரை நாம் அறிவதில்லை. 1680-இல் அவர் பிறந்தது இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் சிற்றூர். புனித அலோசியுசு கொன்சாகா பிறந்ததும் அவ்வூரே.

அவ்வூரைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. 1859 சூன் 24 அன்று அதன் அருகே சொல்பெரினோவில் பெரும்போர் நிகழ்ந்தது. காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் காஸ்திலியோனேக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆலயத் தரையில் வைக்கோல் பரப்பிக் கிடத்தினர். எந்நாட்டு வீரன் என்று பாராமல் அவ்வூர்ப் பெண்கள் புண்ணைக் கழுவி நீர் ஊட்டினர். தற்செயலாக அங்கு வந்த ஆன்றி துனாந்து என்ற சுவிட்சர்லாந்து வணிகர் அதைக் கண்டு, தாமும் பணி செய்து, பின்னர் நூலாக எழுதினார். செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது. நூற்றாண்டு நிறைவில், 1959-இல், அச்சிற்றூர் ஓர் அருங்காட்சியகம் திறந்தது. அதில் வைத்திருப்பவை தூக்குக் கட்டில்கள், காயமுற்றோரை ஏற்றிச் சென்ற குதிரை வண்டிகள், மருத்துவக் கருவிகள். நம் முனிவரின் ஊரார் தம் ஊரில் நேர்ந்த துன்பத்தைக் காட்சிக்கு வைக்க நாணவில்லை.

இதுவரை சொன்ன இடங்கள் நெய்வேலியைச் சுற்றியுள்ளவை. நகரியத்துக்குள் பார்ப்பதற்கு இல்லாமலில்லை. வட்டம் வட்டமாக அளந்து வைத்த வீதிகளும் நிழல் மரங்களும் உண்டு. வில்லேந்திய முருகனாக வணங்கப்படும் வேலுடையான்பட்டுக் கோயில், நகரியத்துக்கு முந்திய ஊரின் பெயரை நினைவில் வைத்திருக்கிறது. பத்தடிக்கு மேல் உயர்ந்த ஐம்பொன் நடராசர் கோயிலில், முறையிட வருவோருக்காக ஆராய்ச்சி மணியும், விண்ணப்பங்களை இடும் முறைப்பெட்டியும் உள்ளன. சொல்ல முடியாதவற்றை எழுதி இடுவதற்கு இவ்வூரில் ஒரு பெட்டி வேண்டியிருந்தது என்பதை நான் பொருளுடையதாகவே கருதுகிறேன்.

ஏனெனில் அந்தப் பள்ளம் வெற்று நிலத்தில் தோண்டப்பட்டதன்று. நெய்வேலி என்பதே முதலில் ஒரு கிராமத்தின் பெயர். அதைப்போல் பல ஊர்கள் அங்கே இருந்தன. ஏரியும் முந்திரித் தோப்பும் சுடுகாடும் இருந்தன. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இவ்வரிகளை மின்விளக்கின் கீழிருந்துதான் எழுதுகிறேன். என் பங்கு மக்களில் பாதிப்பேர் அந்நிறுவனத்தின் ஊதியத்தால் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். ஆனால் நிலம் கொடுத்தவனின் கதை முடிந்துபோன பழங்கதையுமன்று. 2023 சூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலுக்குள் மண்வெட்டும் பொறிகள் இறங்கியதை நாடே பார்த்தது.

எங்கள் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் திருமுழுக்குச் சான்று கேட்டு வந்தார். பதிவேட்டில் அவருடைய ஊரின் பெயர் இருந்தது. "இவ்வூர் எங்கே இருக்கிறது, பெரியவரே?" என்று கேட்டுவிட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. "வெட்டிட்டாங்க, சாமி" என்றார். 1980-களின் தொடக்கத்தில் இரண்டாம் சுரங்கத்திற்காகப் போன ஊர் அது. சில வாரம் கழித்து, உரிய இசைவு பெற்று அவரைச் சுரங்கத்தின் பார்வை மேடைக்கு அழைத்துச் சென்றேன். தம் வீடு இருந்த இடத்தைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையை நீட்டினார். பிறகு சிறிது இடப்பக்கம் நகர்த்தினார். பிறகு கீழே போட்டுவிட்டார். அடையாளம் சொல்ல ஒரு மரமாவது, மேடாவது வேண்டுமே! அவர் சுட்டியது வெறும் காற்றை. ஒரு காலத்தில் அவர் வீட்டுத் திண்ணை இருந்த உயரம் அது.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேறோர் ஊரில் உதவிக் குருவாயிருந்த இளமைக்காலத்தில், திருவிழாவுக்கு முன் சாமான் அறையைத் துப்புரவு செய்தோம். மூடப்பட்ட ஒரு சிற்றாலயத்திலிருந்து வந்த பெட்டி அங்கே கிடந்தது. உள்ளே கரையான் தொட்ட கணக்கேடுகள், நன்கொடையாளர் பட்டியல், மங்கிய நிழற்படங்கள். யாருக்கு இவை பயன்படும் என்று எண்ணிப் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டேன். கிடைத்த பணத்தில் மெழுகுவர்த்தி வாங்கினோம். யோர்தானைக் கடந்த யோசுவா, பின்னாளில் பிள்ளைகள் கேட்பார்கள் என்று பன்னிரண்டு கற்களை நாட்டச் செய்தார் என்பதை மறையுரையில் பலமுறை விளக்கியவன் நான்தான்.

மேடையிலிருந்து திரும்பிய மறுவாரம் அம்முதியவர் சாக்குப்பை ஒன்றோடு வந்தார். உள்ளே ஓர் இரும்பு இராட்டினம், கிணற்றில் கட்டுவது. ஊரைவிட்டுப் புறப்பட்டபோது கதவையும் உத்தரத்தையும் விற்றுவிட்டாராம். இதைமட்டும் கழற்றி வைத்துக்கொண்டாராம். புதிய வீட்டில் குழாய் இருந்ததால் அதற்கு வேலையில்லை. மகன் வீட்டில் இரும்புக் கடைக்குப் போடச் சொல்கிறார்களாம். "நீங்க வச்சுக்குங்க, சாமி" என்றார்.

இப்போது அது பங்கு இல்லத்தின் முன்னறையில், சுவரில் அடித்த ஓர் ஆணியில் தொங்குகிறது. கயிறு ஓடி ஓடி நடுப்பள்ளம் வழுவழுப்பாகிவிட்டது. அந்த இடத்தில் மட்டும் துருவில்லை. மறைக்கல்விக்கு வரும் சிறுவர்கள் அதைச் சுழற்றிப் பார்க்கிறார்கள். அது கிறீச்சிடும், அவர்கள் சிரிப்பார்கள். அதன் கீழே ஒட்ட ஒரு சீட்டு எழுத எண்ணி, ஊரின் பெயரைச் சரியான எழுத்தில் கேட்க ஞாயிறு மாலை முதியவர் வீட்டுக்குப் போனேன். பதிவேட்டில் இருந்தது தவறாம். அங்கே வல்லின 'ற' வரவேண்டும் என்று சொல்லி, என் கையிலிருந்த எழுதுகோலை வாங்கி அவரே எழுதிக் கொடுத்தார்.